வெள்ளைக் கூரையும் காலண்டர் ஆணியும்

போன வாரம் பழைய பாசத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்துப் பக்கம் வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னீர்கள். ஓய்வு பெற்றவனுக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான். டீ வந்தது. உங்களில் ஒரு தங்கச்சி, “சார், ஊருக்குள்ள வேலைக்குப் போறப்ப முக்கியமா என்ன எடுத்துட்டுப் போகணும்?” என்று கேட்டது. “குடிக்கத் தண்ணி எடுத்துட்டுப் போம்மா. முடிவை மட்டும் ஆபீஸ்லயே வச்சுட்டுப் போ” என்றேன். சிரித்தீர்கள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அந்தப் பதில் என்னுடைய சரக்கு இல்லை என்று உறைத்தது. அது எங்கள் அண்ணாச்சி வாழ்ந்துகாட்டியது. அவரைப் பற்றிச் சொல்லாமல் அவர் சொத்தை நான் விநியோகம் பண்ணக்கூடாது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, அச்சாகி வந்த தாள்களைப் படித்துப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டவன். கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், மருந்துக் கம்பெனிப் பெட்டி எல்லாமே எனக்குப் பாடப்புத்தகம்தான். அந்த அச்சகத்தின் முதலாளிதான் அண்ணாச்சி. அவரும் அச்சகம், பட்டாசு என்று தொழில் நடத்திய சில குடும்பத்தாரும் சேர்ந்து இந்த அறக்கட்டளையை ஆரம்பித்தபோது, “ஜனங்ககிட்டப் பேசுறதுக்கு ஓர் ஆள் வேணும், நீ வா” என்று என்னை மெஷின் பக்கத்திலிருந்து பிரித்து இங்கே கொண்டுவந்தார். பேசுகிறவனுக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்றைக்கு உங்கள் அலுவலகத்தில் நாலு மேசை இருக்கிறது. வெயில், மரம், நீர்நிலை ஒரு மேசை. உடல்நலம் ஒரு மேசை. சமத்துவம் ஒரு மேசை. கலை ஒரு மேசை. போட்டது போட்டபடி இருக்கட்டும், வேலைக்கு அது வசதி. ஆனால் ஊருக்குள் போனால் அந்த நாலும் ஒரே வீட்டுக்குள், ஒரே பாயில் படுத்திருக்கும். குருவம்மாள் வீட்டில் அப்படித்தான் படுத்திருந்தது.

அதற்கு முன்னால் அண்ணாச்சியின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். யார் என்ன சாதித்துவிட்டு வந்து சொன்னாலும் அவர் வாயில் வருவது ஒரே வார்த்தை: “பெறவு?”

“மரக்கன்னு நட்டாச்சு அண்ணாச்சி.”

“பெறவு?”

“தண்ணி ஊத்த ஆள் போட்டாச்சு.”

“பெறவு?”

“ஆடு கடிக்காம வேலி கட்டியாச்சு.”

“பெறவு?”

“பெறவு மழை பெய்யணும் அண்ணாச்சி.”

“அப்பச் சரி. அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல” என்று எழுந்து போய்விடுவார்.

இந்த ஒற்றை வார்த்தைக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் எந்த வேலையையும் ஒரு படி தள்ளியே யோசிக்கப் பழகியிருந்தோம். அப்படிப்பட்ட அண்ணாச்சியே ஒரு தடவை அந்த வார்த்தையைத் தனக்குள் கேட்டுக்கொள்ள மறந்துபோனார். நான் சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான்.

குருவம்மாளுக்கு ஊர் மல்லாங்கிணறு போகிற பாதையில் உள்ளடங்கிய ஒரு சிற்றூர். அவளுடைய அப்பன் ஆத்தாள் காலத்தில் கூலிக்குக் களை எடுத்த குடும்பம். இப்போது தெருவே காலையில் கம்பெனி வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறது. குருவம்மாளும் போனாள். ஒருநாள் அவள் வேலை செய்த அறையில் அலுமினியப் பவுடர் கலந்த மருந்து பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்த தோழி பிழைக்கவில்லை. இவள் கழுத்தும் வலது தோளும் வலது கையும் வெந்து, நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிரோடு வீடு வந்தாள்.

தீக்காயம் ஆறினால் கதை முடிந்தது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆறின பிறகுதான் தழும்பு தன் வேலையைக் காட்டும். தோல் நாளுக்கு நாள் சுருங்கி, கழுத்தைத் தோளோடும் கையை விலாவோடும் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சட்டை ஒன்று உண்டு. குளிக்கும் நேரம் தவிர ராப்பகலாகப் போட்டிருக்கவேண்டும். கூடவே கையைத் தினமும் மேலே தூக்கிப் பழக்கவேண்டும். இரண்டையும் விட்டால் கை பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நம் அறக்கட்டளையின் பிசியோதெரபி டாக்டரம்மா இதைச் சொன்னபோது குருவம்மாள் கேட்டது ஒரே கேள்வி.

“பிள்ளைக்குச் சடை பின்ன முடியுமா?”

அவளுக்கு ஆரம்பப் பள்ளியில் படிக்கிற ஒரு மகள். பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடை போட்டு, ரிப்பன் வைத்து, மடித்துக் கட்டவேண்டும். தாய் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் தகப்பன் கருப்பசாமிதான் பின்னிவிட்டான். அவன் லாரியில் லோடு ஏற்றுகிற ஆள். பிள்ளையின் தலையைப் பார்த்தாலே தெரியும். சடை என்றால் அது சடை இல்லை. சரக்குப் பெட்டிக்குப் போட்ட கட்டு.

“இழுத்துப் பாருங்க, அவுந்துறாது” என்று அவன் வேறு பெருமையாகச் சொல்லுவான்.

“பிள்ளை கண்ணை மூட முடியலைன்னு அழுகுது. அம்புட்டு இறுக்கு” என்பாள் குருவம்மாள்.

ஆக, அவளுக்கு அந்தக் கை உயர்வது என்பது சடைதான். எங்களுக்கும் அதுதான் இலக்கு என்று ஆனது.

கை தூக்குகிற பயிற்சியை அவள் செய்யமாட்டேன் என்றாள். “வெறுங்கையத் தூக்கி யாரைக் கும்பிடச் சொல்றீக? அந்தச் சாமி என்னையக் காப்பாத்துனதுக்கு இடது கையால ஏற்கெனவே கும்பிட்டாச்சு” என்று டாக்டரம்மாவிடம் நையாண்டி பேசினாள். டாக்டரம்மா வந்து அண்ணாச்சியிடம் புலம்பியது. அண்ணாச்சி தன் அச்சகத்திலிருந்து ஒரு தினசரிக் காலண்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குருவம்மாள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்திலிருந்து ஏணிபோல ஆணிகளை அடிக்கச் சொன்னார். கீழ் ஆணியில் காலண்டரை மாட்டினார். “தாயி, தெனமும் காலையில அன்னைக்குத் தேதியைச் சோத்துக்கையால கிழி. இந்த ஆணி லேசாப் போயிருச்சுன்னா அடுத்த ஆணிக்கு மாத்து. உச்சாணி ஆணிக்குப் போனா சடை பின்னலாம்” என்றார்.

காலண்டருக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்கள் ஊர். காலண்டரை மருந்தாக எழுதிக்கொடுத்த ஆள் அவர் ஒருவர்தான். அவளும் பிடித்துக்கொண்டாள். வயிற்று உயரம், மார்பு உயரம் என்று காலண்டர் மெள்ள மெள்ளச் சுவரில் ஏறியது. நாங்கள் போகும்போதெல்லாம் எல்லோருடைய கண்ணும் முதலில் ஆணிக்குத்தான் போகும்.

பங்குனி வெயில் ஆரம்பித்தது. காலண்டர் ஏறுவது நின்றது. பிறகு தேதி கிழிப்பதும் நின்றது. இறுக்குச் சட்டை கொடியில் கிடந்தது.

வாரக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. எங்களுக்கு உதவி செய்துவந்த ஒரு வெளியூர் நிறுவனம் அந்தச் சமயத்தில் பார்வையிட வருவதாகத் தகவல் சொல்லியிருந்தது. அதனால் எல்லோருக்கும் படபடப்பு. எங்களில் ஒரு தம்பி, நல்ல பையன், “அவங்க ஒத்துழைக்கல சார். அந்தச் சட்டைக்கு எத்தனையோ பேர் காத்திருக்காங்க. இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடலாம்” என்றான்.

அண்ணாச்சி, “பெறவு?” என்றார்.

தம்பி கையிலிருந்த பட்டியலைப் புரட்டினான்.

“அவ எதுக்குக் கழத்திப் போட்டான்னு பாத்துட்டுப் பேசுவோம். வண்டிய எடுங்க” என்றார்.

“இப்பவா? உச்சி வெயில் அண்ணாச்சி. சாயங்காலம் போவோமே.”

“சாயங்காலமா அவ கழத்துனா?”

போனோம். டாக்டரம்மாவும் வந்தது. சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. உள்ளே நுழைந்ததும் இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. காற்றாடி ஓடியது. ஷீட்டின் சூட்டை அள்ளித் தலையில் கொட்டுவதுதான் அதன் வேலையாக இருந்தது. குருவம்மாள் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். டாக்டரம்மாவிடம் கேட்டு, பையில் இருந்த இறுக்குச் சட்டைக் கைப்பகுதி ஒன்றை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டார். நாங்கள் வாசலுக்கு ஓடிவிட்டோம். அவர் இருந்தார். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியது.

“எனக்கு வேர்க்குது. வேர்த்தாக் கொஞ்சம் ஆறுது. உனக்கும் அப்படித்தானே தாயி?”

குருவம்மாள் சிரித்தாள். “வெந்த தோலு வேர்க்காது மொதலாளி. உள்ளுக்குள்ளயே கொதிச்சுக்கிட்டுக் கெடக்கும். டாக்டரம்மா சட்டைய மாட்டச் சொல்லுது. வெயிலு கழத்தச் சொல்லுது. வெயிலு எந்நேரமும் கூடவே இருக்கு, டாக்டரம்மா வாரத்துக்கு ஒருக்காத்தான் வருது. நான் யாரு பேச்சக் கேக்க?”

“வெளிய வேப்ப மரத்தடியில போயி இருக்கலாம்ல?”

“இருக்கலாம். போற வாறவுக எல்லாம் நின்னு கழுத்தப் பாத்துட்டு, உச்சுக்கொட்டிட்டுப் போறாக. அதுக்கு வெந்துக்கிட்டே இருந்துறலாம்.”

திரும்புகிற வழியில் அண்ணாச்சி சொன்னார்: “மரம் நட்டா என்னைக்காவது நெழல் குடுக்கும். அதுவரைக்கும் அவ கழுத்து காத்திருக்குமா? கூரையத்தான் முதல்ல பாக்கணும்.”

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. நல்ல மனசும் அவசரமும் ஒரே வண்டியில் ஏறினால் எப்படி ஓட்டும் என்பதைக் கவனியுங்கள். வெளியூர் நிறுவனத்தார் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தை முடித்துக்கொண்டு நேரே இந்த ஊருக்கு வருவதாக ஏற்பாடு. அவர்கள் உதவியில் ஊர்ப் பொதுச்சுவரில் பெரிய ஓவியம் ஒன்று வரைய மதுரையிலிருந்து ஓர் ஓவியர் தம்பியும் வந்து இறங்கியிருந்தான். அதற்குள் அந்தத் தெருக் கூரைகளையும் முடித்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வெயிலைத் திருப்பி அனுப்புகிற பெயின்ட் இருக்கிறது என்றார்கள். பளபளவென்று வெள்ளிபோல இருக்கும், அடித்ததும் அறை குளிரும் என்றார்கள். அண்ணாச்சி உடனே ஏற்பாடு பண்ணிவிட்டார். “பெறவு?” என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் பெயின்ட் இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் எண்ணெய், இன்னொன்றில் அலுமினியப் பவுடர். அடிக்கிற இடத்தில் வைத்துக் கலக்கவேண்டும்.

உங்களுக்கு இப்போது படிக்கும்போதே திக்கென்று இருக்கும். எங்களுக்கு ஏன் இருக்கவில்லை? அசலூர்க்காரன் ஒருவன் இருந்திருந்தால், “இதென்ன பவுடர்?” என்று கேட்டிருப்பான். நாங்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். எங்களுக்கு அது அரிசி பருப்பு மாதிரி ஒரு சரக்கு. லாரி ஷெட்டிலும், தெரிந்தவர் கம்பெனியிலும், சீசன் பேச்சிலும் அன்றாடம் புழங்குகிற பெயர். பழகின பொருளைக் கண் பார்க்காது. அந்தத் தவறு எங்களால்தான் முடியும். வேறு ஊர்க்காரர்களுக்கு அது கைவராது.

பெயின்டர்கள் குருவம்மாள் வீட்டு வாசலில்தான் முதல் டப்பாவைத் திறந்தார்கள். கொஞ்சம் காற்று. வெள்ளித் துகள் ஒரு கை அளவு பறந்து வெயிலில் மின்னியது. குருவம்மாள் வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை. உள்ளே போய், லீவுக்கு வீட்டில் இருந்த மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், தெருக்கோடி வரைக்கும் போய் நின்றுகொண்டாள். அத்தனை நாள் முகத்தை வெளியே காட்டாதவள், கழுத்தில் துணிகூட இல்லாமல் நடுத்தெருவில் நின்றாள்.

கத்தினது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஏலே, யாருலே அது! ஆலையில இருந்து தப்பிச்சு வந்தவ வீட்டுக்கு ஆலையவே தூக்கிட்டு வந்திருக்கீகளா? ஒங்க வீட்டுக் கூரையில போயிப் பூசுங்கலே!”

தெரு கூடிவிட்டது. பெயின்ட் காண்டிராக்டர், “அண்ணே, காஞ்சுட்டா ஒண்ணும் ஆகாது, சத்தியமா தீப்பிடிக்காது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். எங்கள் தம்பி போனில் ஒரு இன்ஜினியரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான். அவரும் விளக்கமாக, எண்ணெயோடு கலந்து காய்ந்த பிறகு அது வெறும் பூச்சுதான் என்று சொன்னார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். உண்மையைச் சொல்லச் சொல்ல ஜனங்களின் சத்தம் ஏறியதே தவிர இறங்கவில்லை. நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

அவர் வந்து இறங்கினதும் டப்பாவைப் பார்க்கவில்லை, காண்டிராக்டரைப் பார்க்கவில்லை. “குருவம்மா எங்க?” என்றார். நான் தெருக்கோடியைக் காட்டினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவளிடம் போனார். பின்னால் நானும் போனேன்.

குருவம்மாள்தான் முதலில் பேசினாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

“மொதலாளி, தீப்பிடிக்காதுன்னு இவுக சொல்றாக. சரி, பிடிக்காது. நான் ராத்திரி படுத்து அண்ணாந்து பாத்தா எனக்கு உறக்கம் வரணும்ல? அதே பவுடர தலைக்கு மேல வச்சுக்கிட்டு இந்தப் பிள்ளைய எங்கன படுக்கப் போட?”

அண்ணாச்சி ஒரு விளக்கமும் சொல்லவில்லை. இன்ஜினியர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் கையைக் கூப்பினார்.

“தப்பு என்னுது தாயி. ஒரு பொட்டு இங்கன இருக்காது. நீயே வந்து பாத்து, சரின்னு சொன்ன பெறவு வீட்டுக்குள்ள போ.”

காண்டிராக்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி மூடியை எடுத்துத் தானே டப்பாவை மூடினார். சரக்கெல்லாம் வண்டியில் ஏறியது. சிந்தின இடத்தில் ஈர மணலைப் போட்டு அள்ளச் சொன்னார். வாசற்படியைத் துடைக்கச் சொன்னார். குருவம்மாள் வந்து குனிந்து பார்த்து, வெயிலில் ஓர் இடத்தில் மின்னுவதை விரலால் காட்டினாள். அதையும் துடைத்தார்கள். அவள் தலையை ஆட்டின பிறகுதான் அண்ணாச்சி காரில் ஏறினார்.

கார் கிளம்பியது. எங்கள் தம்பிக்குத் தாங்கவில்லை. “அண்ணாச்சி, ஒரு துண்டு ஷீட்ல அடிச்சுக் காயவச்சு, அவங்க முன்னாடியே தீக்குச்சியைக் காட்டி நிரூபிச்சிருக்கலாம். நம்ம பக்கம் நியாயம் இருக்கு. ஜெயிச்சிருக்கலாம்.”

“ஜெயிச்சிருக்கலாம்” என்றார் அண்ணாச்சி. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: “பெறவு?”

தம்பிகளே, தங்கச்சிகளே, இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குப்போல அது என்னைத் தைத்ததில்லை. ஜெயித்த பிறகு அவள் அந்தக் கூரைக்குக் கீழே கண்ணை மூடுவாளா? மூடாவிட்டால் நாம் ஜெயித்தது எதை? நியாயம் நம் பக்கம் இருக்கும்போதும் பின்வாங்கத் தெரிந்த மனிதரை அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவர் ஆலங்குளம் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வரவழைத்தார். வெள்ளைக் கூரையும் வெயிலைத் திருப்பி அனுப்பும், பளபளப்பு வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை என்று டாக்டரம்மாவும் இன்ஜினியரும் சொன்னார்கள். இந்தத் தடவை மூட்டையைப் பிரிக்கும் முன்னால் அண்ணாச்சி தெருப் பெண்களைக் கூட்டி, தரையில் உட்கார்ந்து, “சுண்ணாம்பு. மழையில கரையாம இருக்கப் பசை சேப்போம். வேற ஒண்ணும் இல்ல. அடிக்கட்டா, வேண்டாமா?” என்று கேட்டார்.

பேச்சியம்மாள் தாவாங்கட்டையில் கைவைத்துக்கொண்டாள். “பொங்கலுக்குச் சொவத்துக்கு அடிக்கிறதக் கூரைக்கு அடிக்கப்போறீக. இதுக்கா இம்புட்டு மீட்டிங்கு, இம்புட்டுக் காரு?”

“ஆமா தாயி. படிச்சவுகளுக்கு லேட்டாத்தான் வெளங்கும்.”

“நீங்க படிச்சவுகளா மொதலாளி?”

“இல்ல. எனக்கு அதவிட லேட்டு.”

தெரு முழுக்கச் சிரிப்பு. குருவம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு வேலை ஆரம்பித்தது.

சிமென்ட் ஷீட்டில் காலை வைத்தால் நேரே அடுப்படியில் இறங்கவேண்டியதுதான். அதனால் பலகை போட்டு, நீளக் கம்பில் மட்டையைக் கட்டி அடித்தார்கள். ஓவியர் தம்பி தன் பொதுச்சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டதோடு சரி, அதை விட்டுவிட்டு இங்கே வந்து ஏணியில் ஏறினான். “தம்பி, நீங்க வரையிற ஆளுல்ல? வெறும் வெள்ளைய அடிக்கிறீக?” என்று பேச்சியம்மாள் கீழே இருந்து கிண்டல் பண்ணினாள். “மேலருந்து பாக்கிறவருக்குப் பிடிச்சாப் போதும் பாட்டி” என்றான். “பாட்டியா! இறங்கி வாலே, ஏணிய எடுத்துர்றேன்” என்றாள் அவள்.

இந்தக் கூத்தின் நடுவில் வெளியூர் நிறுவனத்தார் வந்துவிட்டார்கள். பந்தல் இல்லை, மாலை இல்லை, ஓவியம் இல்லை. பாதித் தெரு வெள்ளை, மீதித் தெரு பழைய சாம்பல். ஓர் அம்மாள்தான் அவர்களில் பெரிய பொறுப்பில் இருந்தவர். எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது என்று கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி அவர்களுக்கு இளநீர் கொடுத்துவிட்டு, முதல் வார்த்தையாகத் தவறைச் சொன்னார். என்ன வாங்கினோம், எதை யோசிக்கவில்லை, குருவம்மாள் எங்கே போய் நின்றாள், எல்லாவற்றையும் சொன்னார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் ஏற்றமும் இல்லை, அழுகையும் இல்லை. மெஷினில் தாள் சிக்கிக்கொண்டதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்த அம்மாளையும் மெச்சவேண்டும். முகம் கோணாமல் கேட்டார். பிறகு, குருவம்மாளை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டார். கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினால் நன்றாயிருக்கும் என்று கூட வந்த பையன் சொன்னான்.

குருவம்மாள் கதவுக்குப் பின்னால் இருந்தபடியே சொன்னாள்: “கூரைய எடுங்க. என்னைய எடுக்காதீக.”

நாங்கள் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர், “கேட்டீகள்ல? கூரைய எடுத்துக்கிடுங்க” என்றார். அவ்வளவுதான். யாரிடம் உதவி வாங்குகிறோமோ அந்த ஆள் எதிரே நிற்கும்போது இப்படிச் சொல்லுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் கேமராவை உள்ளே வைக்கச் சொன்னார். இன்னும் வெள்ளையடிக்காத பேச்சியம்மாள் வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, குருவம்மாள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். “வித்தியாசம் இருக்கா?” என்று குருவம்மாளையே கேட்டார்.

“முன்ன அடுப்புக்குள்ள இருந்தோம். இப்ப அடுப்புக்குப் பக்கத்துல இருக்கோம்” என்றாள் குருவம்மாள்.

இந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நாம் செய்கிற வேலையை இதைவிடச் சரியாக யாரும் அளந்ததில்லை. அதற்கு மேல் நீங்கள் ஒரு சொல் கூட்டி எழுதினாலும் பொய். ஒரு சொல் குறைத்து எழுதினால் அவளுக்குச் செய்கிற துரோகம்.

பொதுச்சுவர் ஓவியத்துக்கு முதலில் போட்டிருந்த கோட்டில் தீயிலிருந்து எழும் ஒரு பெண் இருந்தாள். ஓவியர் தம்பி அதைத் தானே அழித்துவிட்டு, தெருப் பெண்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டான். “வேனுக்கு அங்கனதான நிக்கோம். குளுகுளுன்னு ஒரு அருவியப் போடுங்க தம்பி” என்றார்கள். இன்றைக்கும் அந்த ஊருக்குப் போனால் தண்ணீரே இல்லாத வெட்டவெளியில் குற்றாலம் மாதிரி ஓர் அருவி கொட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எதிரே நின்றுதான் அவர்கள் வேன் ஏறுகிறார்கள்.

இறுக்குச் சட்டை கொடியிலிருந்து இறங்கியது. எல்லா நாளும் என்று சொல்லமாட்டேன். அக்னி நட்சத்திரத்தில் ஒரு சில மத்தியானங்கள் அவள் தோற்றுப்போனாள். டாக்டரம்மா அதற்குத் திட்டவில்லை. காலண்டர் மறுபடியும் ஆணி ஏற ஆரம்பித்தது. அண்ணாச்சி என்னிடம் அதைப் பற்றிக் கேட்கும்போது, “எந்த ஆணி?” என்று மட்டும் கேட்பார்.

ஒரு வேலையில் நீங்கள் தவறு செய்வீர்கள். அதிலும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான் செய்வீர்கள். அப்போது யார் சரி என்று முதலில் தேடாதீர்கள். யார் தெருக்கோடியில் போய் நிற்கிறார்கள் என்று தேடுங்கள். அண்ணாச்சி இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் நடந்துபோன திசையைத்தான் நான் பார்த்தேன்.

புது வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் அச்சகத்திலிருந்து புதுக் காலண்டர்கள் வந்தன. “இதை நீயே கொண்டு போயிக் குடு” என்று அண்ணாச்சி ஒன்றை என்னிடம் தனியாக எடுத்துக் கொடுத்தார். காலையில் போனேன். பள்ளிக்கூட நேரம். குருவம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருக்க, மகள் கீழே அவள் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சடை முடிந்து ரிப்பனோடு தொங்கியது. இன்னொன்று பாதியில் இருந்தது. அது லோடு கட்டு இல்லை.

நான் காலண்டரோடு சுவரைப் பார்த்து நின்றேன். பழைய காலண்டர் எந்த ஆணியில் இருக்கிறது என்று தேடினேன். அதற்குள் அவள் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு எழுந்து வந்தாள். இடது கையால் மகளின் முடியை விடாமல் பிடித்து அவளையும் கூடவே நடத்திக்கொண்டு, வலது கையால் என்னிடமிருந்து காலண்டரை வாங்கி, உச்சாணி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

நான் அந்த ஆணியையே பார்த்தேன்.

சீப்பை வாயிலிருந்து எடுத்தாள். “என்னண்ணே சொவத்தையே பாக்கீக? சுண்ணாம்பு உதிருதா?”

“யம்மா! தலைய விடும்மா, பள்ளிக்கூட வேன் போயிரும்” என்று மகள் சிணுங்கினாள்.

“ஆடாம இருடி” என்று குருவம்மாள் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சோத்துக்கையால்தான்.